வீட்டு வாசலில் ஒரு வீடு

வீடு உங்களுடையது. மனை உங்களுடையது. வீட்டு வரியில் பைசா பாக்கியில்லை. ஆசைப்பட்டு, கடன்பட்டு ஒரு வண்டி வாங்குகிறீர்கள். அதைச் சொந்த வாசலில், சொந்தக் காசில் போட்ட சிமென்ட் தரையில் நிறுத்துகிறீர்கள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வைப்பருக்கு அடியில் ஒரு காகிதம். அபராதம்!

'என்னய்யா அநியாயம் இது' என்று முனிசிபாலிட்டிக்கு ஓடுகிறீர்கள். அவர்கள் நிதானமாகப் புத்தகத்தைப் பிரிக்கிறார்கள். வண்டியில் படுக்கை இருக்கிறதா? இருக்கிறது. அடுப்பு? அதுவும் இருக்கிறது. கக்கூஸ்? சின்னதாக ஒன்று உண்டு. ஆக, அது வெறும் வண்டி இல்லை சார். மனிதர்கள் குடியிருக்கத் தோதான வண்டி. வாசலில் நிற்கக்கூடாது. நாலு பக்கமும் மூடிய கராஜுக்குள் வைத்துப் பூட்டுங்கள். கராஜுக்குள் நுழையாதா? அது உங்கள் பிரச்னை.

அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமிக்குப் பக்கத்தில் கோரல் கேபிள்ஸ் என்று ஒரு ஊர். அங்கே இருந்த சட்டம் இதுதான். 1974-ல் இந்த வழக்கு மேல் கோர்ட்டு வரை போனது. யார் ஜெயித்தார்கள் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

தனி மனித சுதந்திரம் என்றால் முதலில் கையைத் தூக்குகிற தேசம் அமெரிக்கா. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. ஜனாதிபதியைத் தெருவில் நின்று திட்ட உரிமை உண்டு. ஆனால் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை, 'உன் வாசலில் இந்த வண்டியை நிறுத்தாதே' என்று ஒரு சட்டம். இது எங்கிருந்து வந்தது? வண்டியின் மேல் அப்படி என்ன கோபம்?

கதை ஹென்றி ஃபோர்டிடமிருந்து ஆரம்பிக்கிறது.

1908-ல் அவருடைய மாடல் டி கார் விற்பனைக்கு வந்தபோது விலை 850 டாலர். 1920-களின் நடுவில் அதுவே 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதுவரை பணக்காரர்கள் மட்டும்தான் குளிர்காலத்தில் ரயிலேறி ஃப்ளோரிடாவுக்கு வெயில் காயப் போவார்கள். பெரிய ஹோட்டல்களில் தங்குவார்கள். இப்போது விவசாயி, மெக்கானிக், ரிடையரான வாத்தியார் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஹோட்டலுக்குக் கொடுக்கக் காசு ஏது? காரிலேயே கூடாரம், காரிலேயே பாத்திரம் பண்டம். டப்பாவில் அடைத்த பீன்ஸைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்கினார்கள்.

1919-ல் டாம்பா நகரத்தின் டிசோட்டோ பூங்காவில் இவர்கள் கூடி ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். பெயர், 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்.' தகர டப்பா யாத்ரீகர்கள்! ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு தகர டப்பாவைப் பற்ற வைத்திருந்தால் அது நம்ம ஆள் என்று அர்த்தம். முகாமைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவேண்டும், ஒழுக்கமாக நடந்துகொள்ளவேண்டும் என்றெல்லாம் விதிகள்கூட வைத்திருந்தார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் குஷி. வருகிறவன் நாலு காசு செலவழிப்பான் இல்லையா? சீக்கிரமே சலித்துவிட்டது. ஃப்ளோரிடாவில் அப்போது ஒரு ஜோக் பிரபலம். தகர டப்பாக்காரன் ஒரே ஒரு சட்டையும் ஒரே ஒரு இருபது டாலர் நோட்டுமாக வருவான். திரும்பிப் போகிறவரை இரண்டையும் மாற்ற மாட்டான்!

சிரிப்பில் ஒளிந்திருக்கும் எரிச்சலைக் கவனியுங்கள். வருகிறான், தங்குகிறான், ஆனால் செலவு செய்வதில்லை. அப்படியே போகாமல் உட்கார்ந்துவிட்டால்? 1920-களின் நடுவில் டாம்பா நகரம், சங்கம் பிறந்த அதே பூங்காவின் கதவை அவர்களுக்கு மூடிவிட்டது.

அதே சமயம், அதே மாநிலத்தின் தென்கோடியில் ஒருவர் வேறு மாதிரி ஃப்ளோரிடாவைக் கனவு கண்டுகொண்டிருந்தார். ஜார்ஜ் மெரிக். பாதிரியாரின் மகன். அப்பா 1899-ல் மயாமி அருகே 160 ஏக்கர் நிலம் வாங்கி, பழத்தோட்டம் போட்டு, உள்ளூர்ச் சுண்ணாம்புப் பாறையில் ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டுக்குப் பெயர்தான் கோரல் கேபிள்ஸ். மகன் அந்தப் பெயரில் ஒரு ஊரையே உண்டாக்கினார்.

1921-ல் மனை விற்பனை ஆரம்பம். 1925-ல் கோரல் கேபிள்ஸ் தனி நகரமானது. எல்லாமே ஸ்பெயின், இத்தாலிப் பக்கத்துப் பாணி. ஓட்டுக் கூரை, வளைவு வாசல், நீரூற்று. கல் வெட்டி எடுத்த பள்ளத்தைக்கூட விடவில்லை. அதை வெனிஸ் நகர பாணியில் நீச்சல் குளமாக்கிவிட்டார். அந்தக் குளத்தருகே மேடை போட்டு, ஜனாதிபதி தேர்தலில் மூன்று முறை நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை வைத்து மனை விற்கச் சொன்னார். ஏற்பாடான சம்பளம் ஒரு லட்சம் டாலர். பாதி ரொக்கம், பாதி நிலம்!

யார் வேண்டுமானாலும் மனை வாங்கலாம். ஆனால் எப்படி வேண்டுமானாலும் வீடு கட்ட முடியாது. வரைபடத்துக்கு அனுமதி வாங்கவேண்டும். சுவரின் நிறத்தைக்கூட ஊர்தான் தீர்மானிக்கும்.

ஒரு நிமிஷம். 'யார் வேண்டுமானாலும்' என்பது தப்பு. வெள்ளைக்காரராக இருந்தால் யார் வேண்டுமானாலும். கறுப்பர்களுக்கு விற்கக்கூடாது என்று மனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஊரைக் கட்டிய கறுப்புத் தொழிலாளிகளுக்கு ஓர் ஓரத்தில் தனிக் குடியிருப்பு. 1937-ல் இதே மெரிக், மயாமி நகர எல்லைக்குள் இருக்கும் கறுப்பர் குடும்பங்கள் அத்தனையையும் வெளியே அனுப்பிவிடவேண்டும் என்று மேடையில் பேசினார்.

அழகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. சட்டத்தின் வழியாகவே இருக்கிறது.

1917-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்தத் தெருவில் வெள்ளையர், அந்தத் தெருவில் கறுப்பர் என்று ஒரு நகரம் சட்டம் போட்டுப் பிரிக்க முடியாது. அதாவது, மனிதர்களை இனவாரியாக வகுப்பது செல்லாது. சரி, கட்டடங்களை வகுக்கலாமா? இங்கே வீடு, அங்கே கடை, அதற்கு அப்பால் ஃபேக்டரி என்று கோடு போடலாமா? இதற்கு ஸோனிங் என்று பெயர். நியூ யார்க் 1916-லேயே இதை ஆரம்பித்திருந்தது.

ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சின்ன ஊர் 1922-ல் இப்படி ஒரு சட்டம் போட்டது. 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி, என் நிலத்தின் மதிப்பு போச்சே என்று வழக்குப் போட்டது. 1926-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஆறுக்கு மூன்று என்று ஊர் ஜெயித்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் ஒரு உதாரணம் சொன்னார். தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி வரவேற்பறைக்குள் வந்தால் எப்படி? பன்றியின் மேல் தப்பில்லை. அது இருக்கும் இடம்தான் தப்பு.

அந்தத் தீர்ப்பில் பன்றியாக்கப்பட்டது எது தெரியுமா? கடையும் தொழிற்சாலையும் மட்டுமல்ல. வாடகைக்குக் குடியிருக்கும் அபார்ட்மென்ட் கட்டடமும்தான். தனி வீடுகள் இருக்கும் தெருவில் அது ஓர் ஒட்டுண்ணி என்றார் நீதிபதி. கட்டடத்தைச் சொன்னாரா, அதில் குடியிருக்கிறவரைச் சொன்னாரா? அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். ஆனால் அன்றைக்கு அமெரிக்க ஊர்களின் கையில் ஒரு வலுவான ஆயுதம் கிடைத்துவிட்டது. மனிதர்களைத் தடுக்கத்தானே கூடாது? பொருள்களைத் தடுக்கலாமே!

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குச் சக்கரம் முளைத்தது.

அதிலும் ஒரு வேடிக்கை. க்ளென் கர்ட்டிஸ் என்று ஒரு மேதை. விமான உலகில் ரைட் சகோதரர்களுடைய பெரிய போட்டியாளர். வருஷக்கணக்காக அவர்களோடு பேட்டன்ட் வழக்கு நடத்தியவர். விமானத் தொழிலிலிருந்து ஒதுங்கியபிறகு ஃப்ளோரிடாவுக்கு வந்து, மெரிக் மாதிரியே ஊர்கள் கட்ட ஆரம்பித்தார். ஹயலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஆயிரத்தோரு இரவுகள் பாணியில் ஓபா-லாக்கா என்று வரிசையாக. பொழுதுபோகாமல், விமானத்தின் உடம்பைப்போல லேசாக ஒரு டிரெய்லரும் செய்தார். உள்ளே படுக்கை, சமையலறை எல்லாம் உண்டு. இழுக்கும் காரோடு அது இணைகிற இடத்தில் ஒரு விமான டயரைப் படுக்க வைத்திருந்தார். குலுங்காதாம். பெயர் ஏரோகார்.

1930-ல் கர்ட்டிஸ் இறந்துபோனார். அதன்பிறகும் ஏரோகார் கம்பெனி நடந்தது. எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? கோரல் கேபிள்ஸ்! சக்கர வீட்டை ஒளித்துவை என்று பின்னாளில் சட்டம் போட்ட அதே ஊரில்தான் ஒரு காலத்தில் சொகுசான சக்கர வீடுகள் தயாராகி வெளியே போய்க்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் கோடீஸ்வரர்கள். அதனால் யாருக்கும் அது அசிங்கமாகத் தெரியவில்லை.

டிரெய்லரை சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனவர் ஆர்தர் ஷெர்மன். டெட்ராய்ட் பக்கத்துக்காரர். பாக்டீரியா ஆராய்ச்சியாளர். 1929-ல் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போனார். கூடவே மடித்து விரிக்கும் கூடார வண்டி ஒன்று. ஐந்தே நிமிஷத்தில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்றிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. விரித்து முடிப்பதற்குள் குடும்பமே தொப்பலாக நனைந்துவிட்டது. மனுஷர் ஊருக்குத் திரும்பியதும் ஒரு தச்சரைப் பிடித்து, நாலு சுவரும் கூரையும் உள்ள பெட்டி ஒன்றைச் செய்து சக்கரத்தில் ஏற்றினார். குழந்தைகள் அதற்கு 'கவர்ட் வேகன்' என்று பெயர் வைத்தார்கள். மேற்கே குடியேறிய அந்தக்கால அமெரிக்கர்களின் கூண்டு வண்டி!

1930-ல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் இதை வைத்தார். 1936-ல் அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையது. நடுவில் நடந்தது என்ன? பொருளாதாரப் பெருமந்தம். வேலை போய், வீடு போய், லட்சக்கணக்கானவர்கள் நடுத்தெருவில் நின்ற காலம். உல்லாசத்துக்காகச் செய்த வண்டி, பலருக்கு வீடாகவே ஆகிவிட்டது.

ரோஜர் பாப்சன் என்று ஒரு புள்ளிவிவர நிபுணர். 1929 பங்குச் சந்தை சரிவை முன்கூட்டியே சொன்னவர் என்று பெயர். 'இன்னும் இருபது வருஷத்தில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லரில்தான் வசிப்பார்கள்' என்று 1930-களின் நடுவில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அது நடக்கவில்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஏன் கலக்கவேண்டும்? இங்கேதான் காசு வருகிறது.

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் வீட்டு வரியில். வீட்டுக்கு மதிப்புப் போட்டு வரி வாங்கி, அதில் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். டிரெய்லரோ சட்டப்படி வாகனம். அதற்கு நம்பர் பிளேட்தான் உண்டு, வீட்டு வரி கிடையாது. டிரெய்லரில் இருக்கிறவருக்கு மூன்று குழந்தைகள். மூன்றும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரும். 'நாங்கள் வரி கட்டுகிறோம், அவன் பிள்ளைகள் படிக்கின்றன' என்று முணுமுணுப்பு. வாடகை வாங்குகிற வீட்டுக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

சட்டங்கள் முளைத்தன. ஊருக்குள் இத்தனை நாளுக்கு மேல் தங்கக்கூடாது. சக்கரத்தைக் கழற்றக்கூடாது, கழற்றினால் வீடாகிவிடும். சரி, கழற்றாமல் இருந்தால்? 1936-ல் மிஷிகன் மாநிலத்தில், ஆர்ச்சர்ட் லேக் என்ற ஏரிக்கரை ஊரில் டிரெய்லர் போட்டுத் தங்கியவர்மேல் வழக்கு. அங்கே தூங்கலாம், சமைக்கலாம். எனவே சக்கரம் இருந்தாலும் அது வீடுதான் என்றார் நீதிபதி. வீடு என்றால் ஊர் விதிப்படி குறைந்தபட்ச பரப்பளவு வேண்டும். டிரெய்லரில் அவ்வளவு இடம் ஏது? கிளம்பு!

தமாஷ் புரிகிறதா? வரி வசூலிக்க முடியாதபடி அது வண்டி. விரட்டுவதற்கு வசதியாக அது வீடு.

அப்புறம் யுத்தம் வந்தது. ஒரே நாளில் நியாயம் தலைகீழாக மாறியது. மிஷிகனில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனி குண்டுவீச்சு விமானங்களைச் செய்ய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கில் தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு வீடு எங்கே? நாடு முழுக்க இதே நிலைமை. அமெரிக்க அரசாங்கமே பல்லாயிரம் டிரெய்லர்களை வாங்கி வரிசையாக நிறுத்திக் குடிவைத்தது. அப்போது யாரும் அழகு, மதிப்பு என்று வாயைத் திறக்கவில்லை. தேசபக்தி! யுத்தம் முடிந்தது. பழைய சட்டங்கள் மறுபடி தூசி தட்டப்பட்டன.

1950-களின் நடுவில் டிரெய்லர் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பத்தடி அகலமாகி, காரால் இழுக்கவே முடியாமல், ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு மொபைல் ஹோம் என்று பெயர். ஏழை, முதியவர், புதுசாகக் கல்யாணமானவர் குடியிருக்கும் வீடு. இன்னொன்று மெலிந்து, பளபளப்பாகி, விடுமுறை வண்டியானது. பிறகு எஞ்சினும் சேர்ந்து மோட்டார் ஹோம் வந்தது. 1966 முதல் அயோவா மாநிலத்தின் வின்னபேகோ கம்பெனி அதைப் பெரிய அளவில் செய்து தள்ளியது. இந்த ரகத்துக்குப் பொதுவாக ஆர்.வி. என்று பெயர்.

மொபைல் ஹோமை ஊருக்குள்ளேயே விடாமல் தடுத்தார்கள். நியூ ஜெர்சியில் க்ளஸ்டர் என்ற டவுன்ஷிப், தன் எல்லை முழுக்க டிரெய்லர் பார்க்கே கூடாது என்றது. 23 சதுர மைல் பரப்பு. பெரும்பகுதி காலி நிலம். அங்கே ஒரு மூலைகூடக் கிடையாதாம்! 1962-ல் மாநில சுப்ரீம் கோர்ட் அதையும் சரி என்றது. ஃப்ரெடரிக் ஹால் என்ற நீதிபதி கடுமையாக எதிர்த்து எழுதினார். வளரும் ஊர்கள் தங்களுக்குப் பிடிக்காத மனிதர்களை வெளியே நிறுத்த சட்டத்தைச் சுவராகக் கட்டுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். பதிமூன்று வருஷம் கழித்து, 1975-ல், மவுண்ட் லாரல் என்ற புகழ்பெற்ற வழக்கில் அதே கோர்ட் அவர் பக்கம் வந்தது. எளியவர்களுக்கான வீடுகளுக்கும் ஊர்கள் இடம் கொடுத்தாகவேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

ஆனால் ஆர்.வி. விஷயம் வேறு. அதன் சொந்தக்காரர் ஊருக்குப் புதியவர் அல்ல. பக்கத்து வீட்டு மாமா! வருஷத்தில் பதினைந்து நாள் ஊர் சுற்றுவார். மீதி முந்நூற்று ஐம்பது நாள் அந்தப் பிரம்மாண்டம் வாசலில் நிற்கும். பெரிய ரகங்கள் 40 அடி நீளம், 8 அடிக்கு மேல் அகலம், 12 அடி உயரம். ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த பஸ் உங்கள் ஜன்னலுக்கு நேரே வருஷம் முழுக்க நிற்கிறது. வெளிச்சம் வராது. காற்று வராது. காரை ரிவர்ஸ் எடுத்தால் தெருவில் வரும் குழந்தை தெரியாது. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிக்கு வழியில்லை. உள்ளே யாராவது தங்கினால் கழிவுத் தொட்டியை எங்கே கொட்டுவார்கள்?

பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலான ஊர்கள் நடுவாந்தரமாக ஒரு வழி கண்டுபிடித்தன. வீட்டின் முன்சுவரைத் தாண்டி நிற்கக்கூடாது. பக்கவாட்டிலோ கொல்லையிலோ வேலிக்குப் பின்னால் நிறுத்து. சாமான் ஏற்ற, இறக்க இரண்டு மூன்று நாள் வாசலில் நிற்கலாம். விருந்தாளி வந்தால் சில நாள் தூங்கிக்கொள்ளட்டும். தண்ணீர், சாக்கடை இணைப்பு மட்டும் கூடாது. முனிசிபாலிட்டி விட்டுப்பிடித்தாலும், வீட்டு உரிமையாளர் சங்கம் என்று ஒன்று இருக்கும். அது விடாது.

கோரல் கேபிள்ஸில் இந்த நடுவாந்தரமெல்லாம் கிடையாது. வாசல், கொல்லை, தெரு எங்கேயும் கூடாது. கராஜுக்குள் மட்டும். வண்டி வைத்திருந்த ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட், இந்தச் சட்டம் செல்லாது என்றது. ஊர் அப்பீலுக்குப் போனது. 1974-ல் மேல் கோர்ட் தீர்ப்பு: சட்டம் செல்லும். அழகைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஊருக்கு உரிமை உண்டு. அதுவும் அழகுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது.

மெரிக் அப்போது உயிரோடு இல்லை. 1926 புயலில் அவருடைய கனவு சரிந்தது. கையிலிருந்த சொத்தும் கரைந்தது. கடைசியில் மயாமி போஸ்ட் மாஸ்டராக வேலை பார்த்து 1942-ல் இறந்தார். ஆனால் அவர் வைத்துவிட்டுப் போன கண்ணாடியைத்தான் ஊர் போட்டுக்கொண்டிருந்தது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அதே ஊரில் பிக்-அப் வண்டிக்கும் தடை இருந்தது. பின்னால் திறந்த தொட்டி உள்ள சின்ன லாரி. ராத்திரியில் அது வெளியே நிற்கக்கூடாது. 2003-ல் வாடகை வீட்டில் குடியிருந்த ஒருவர், கராஜ் இல்லாமல், தன் பிக்-அப்பைத் தெருவில் விட்டார். அபராதம். அவரும் விடவில்லை. அது சரக்கு லாரி இல்லை, நான் ஆபீஸ் போகிற வண்டி என்றார். 2007-ல் மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2010-ல் அதே கோர்ட் முழு பெஞ்சாக உட்கார்ந்து அதை ரத்து செய்து, ஊரை ஜெயிக்க வைத்தது.

பிக்-அப்பில் படுக்கை கிடையாது. கக்கூஸ் கிடையாது. யாரும் குடியிருக்கவும் முடியாது. அப்புறம் என்ன பயம்? அந்த வண்டியைப் பார்த்தால் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஞாபகம் வரும். அவர்கள் பகலில் வேலைக்கு வரலாம். ராத்திரி தங்குகிறவர்கள் மாதிரித் தெரியக்கூடாது. சட்டத்தில் இப்படி எழுதவில்லைதான். சட்டத்தில் அழகு என்றுதான் எழுதியிருந்தது.

2012 நவம்பரில் ஊர் ஜனங்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர், போதும் இந்தத் தடை என்றார்கள். ஆனால் வாக்குச்சீட்டில் கேட்டது சொந்த உபயோகத்துக்கான பிக்-அப் பற்றி மட்டும். உள்ளே படுக்கை இருக்கும் வண்டி பற்றி யாரும் கேட்கவில்லை.

அது வேறு இடங்களில் கேள்வியாக வந்து நின்றது. வாடகை ஏற ஏற, 1930-களின் கதை மறுபடி ஆரம்பித்துவிட்டது. கூகுளின் தலைமையகம் இருக்கும் மவுன்டன் வியூ நகரத்தில், வேலை இருந்தும் வாடகை கட்டமுடியாதவர்கள் தெருவோரம் பழைய ஆர்.வி.க்களில் குடியிருந்தார்கள். குறுகலான தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தக்கூடாது என்று 2020-ல் வாக்கெடுப்பில் முடிவானது. அந்த ஊரில் பெரும்பாலான தெருக்கள் குறுகலானவைதான்! வழக்கு நடந்து, 2022-ல் சமரசம். மூன்று மைல் தெருவையாவது விட்டுவைக்கிறோம் என்றது நகரம்.

ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் வேறு வழியில் யோசித்தது. தெருவில் இருக்கிறவரை விரட்டுவதற்குப் பதில் வாசலுக்குள் கூப்பிட்டால் என்ன? வீட்டு மனையில் நிற்கும் ஆர்.வி.யில் யாராவது வசித்தால் அதைக் குற்றமாகப் பார்க்கவேண்டாம் என்று 2017-ல் உத்தரவு. 2021-ல் அதை நிரந்தர விதியாகவே ஆக்கினார்கள். வீடு உள்ள மனை ஒன்றுக்கு இப்படி ஒரு வண்டி. கழிவுநீருக்கு ஒழுங்கான ஏற்பாடு இருக்கவேண்டும். அவ்வளவுதான். வேலை போன தம்பியோ, கணவர் இறந்தபின் வாடகை கட்டமுடியாத அம்மாவோ, மகன் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு சக்கர வீட்டில் சட்டப்படி இருந்துகொள்ளலாம்.

வானம் இடிந்து விழவில்லை.

அதே ஒரிகனில் கிரான்ட்ஸ் பாஸ் என்று இன்னொரு ஊர். வீடில்லாதவர் பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தாலும் அபராதம் என்றது. 2024-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அந்த ஊருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்தில் இரண்டு ஊர்கள், இரண்டு பதில்கள்.

பூங்கா கூடாது. தெரு கூடாது. சொந்தக்காரர் வீட்டு வாசலும் கூடாது. எல்லாமே நியாயமான காரணங்களோடுதான்: சுகாதாரம், போக்குவரத்து, அழகு, மதிப்பு. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகப் படித்தால் தப்பே சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அந்த வண்டிக்குள் இருக்கிறவன் நிற்பதற்கு ஊரில் ஒரு சதுர அடி மிச்சமில்லை என்பது.

'வண்டியை எடு' என்று சொல்வது ரொம்ப சுலபம். எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவன் திருப்பிக் கேட்டால், அதற்கும் ஒரு பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கவேண்டும். போர்ட்லண்ட் அந்தப் பதிலைத் தன் விதிகளில் எழுதி வைத்துவிட்டது.